மலர் 1, இதழ் 12

கூட்டாகச் சிற்றிதழ் நடத்தி முதல் ஆண்டை முடித்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



பன்னிரண்டாம் இதழ் அச்சகத்திலிருந்து வந்து இறங்கும் மாலை எப்படியிருக்கும் என்பதை இதழ் நடத்துகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாராவது ஒருவர் வீட்டு முன்கூடம். தரையில் பழைய தினத்தாளை விரித்து, நடுவே பிரிக்காத கட்டுகள். ஒருவர் மடிப்பார், ஒருவர் மேல்தாள் சுற்றுவார், ஒருவர் பசை தடவுவார், இன்னொருவர் முகவரிச் சீட்டை ஒட்டுவார். தபால்தலை ஒட்டும் வேலை கடைசியாக வந்து சேர்ந்தவருக்கு. பத்து மணிக்கு மேல் ஒருவர் பரோட்டா வாங்கப் போவார்; சால்னாப் பொட்டலத்தை இதழ்க் கட்டுக்குப் பக்கத்தில் வைத்து எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வார். எல்லாம் முடிகிற நேரத்தில்தான், சும்மா இருக்க மாட்டாமல் ஒருவர் இதழைப் புரட்டி, ஏழாம் பக்கத்தில் கவிஞரின் பெயரிலேயே ஓர் எழுத்து விழுந்துபோயிருப்பதைக் கண்டுபிடிப்பார்.

கூடத்தில் பேச்சு நின்றுவிடும்.

விழுந்துபோன எழுத்துக்கு அடுத்த இதழில் இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்துக்கொள்ளலாம். இந்த மடல் அடுத்த வாரம் நடக்கப்போகிற கூட்டத்தைப் பற்றியது. ஆண்டு நிறைவுக் கணக்கெடுப்பு என்று நீங்கள் கூடுவீர்கள். சந்தா எத்தனை, கடையில் போட்டது எத்தனை, திரும்பியது எத்தனை, அச்சகத்துக்குப் பாக்கி எவ்வளவு என்று ஒரு நோட்டுப் புத்தகம் சுற்றிவரும். பிறகு ஒருவர் முதல் இதழை எடுப்பார். அதன் முதல் பக்கத்தில் நீங்கள் எழுதிய அறிவிப்பு இருக்கும். எதற்காக வருகிறோம், எதை வெளியிடுவோம், எதை வெளியிட மாட்டோம் என்று கம்பீரமாக எழுதிய அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு, சொன்னதைச் செய்தோமா என்று ஒவ்வொரு வரியாகச் சரிபார்ப்பீர்கள். பாதிக்கு மேல் நடக்கவில்லை என்று தெரிந்ததும் சோர்ந்துபோவீர்கள்.

சோர்வதற்கு முன் தமிழிலேயே நடந்த சில முதல் ஆண்டுகளைத் திரும்பிப் பார்ப்பது நல்லது.

1933 செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து மணிக்கொடியின் முதல் இதழ் வெளிவந்தது. கு. சீனிவாசன், வ. ராமசாமி, டி.எஸ். சொக்கலிங்கம் என்ற மூவரின் கூட்டு முயற்சி அது. மூவரும் விடுதலைப் போராட்டத்தில் ஊறியவர்கள். அவர்கள் நடத்த நினைத்தது ஓர் அரசியல் வார ஏடு. நாட்டு நடப்பு, சமூக விமர்சனம், தலைவர்களைப் பற்றிய மதிப்பீடு என்றுதான் அது போனது. வ.ரா.வின் நடைச்சித்திரங்கள் அதில் வந்து பேர் வாங்கின. கதையும் கவிதையும் இலையோரத்து ஊறுகாய் மாதிரி இருந்தன.

அந்த ஊறுகாய் என்ன என்று இன்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 1934இல் புதுமைப்பித்தனின் கதைகள் அதில் வரத் தொடங்கின. அதே 1934இல் ந. பிச்சமூர்த்தி யாப்புக்குக் கட்டுப்படாத கவிதையை அங்கே எழுதிப் பார்த்தார். தமிழ்ப் புதுக்கவிதையின் தொடக்கம் என்று பின்னாளில் ஆய்வாளர்கள் சுட்டுகிற இடம் அதுதான். ஏட்டை நடத்தியவர்கள் எதிர்பார்த்து அமர்ந்திருந்த வாசல் வேறு. விருந்தாளி வந்தது கொல்லைப்புறமாக.

இந்த வரலாற்றில் ஒரு தேதியை உங்கள் கூட்டத்தில் யாராவது நினைவூட்ட வேண்டும். 1934 செப்டம்பர் 11, பாரதியின் நினைவு நாளன்று, தினமணி தொடங்கியது. அதன் முதல் ஆசிரியர் மணிக்கொடி மூவரில் ஒருவரான சொக்கலிங்கம். மணிக்கொடிக்கு ஓர் ஆண்டு நிறைய அப்போது சரியாக ஆறு நாள் பாக்கி. அதன் பிறகு சீனிவாசன் பம்பாய்க்குப் போனார், வ.ரா. வீரகேசரிக்கு ஆசிரியராகக் கொழும்புக்குக் கப்பலேறினார். மூன்று தூணும் நகர்ந்துவிட்ட பந்தல்.

ஆனால் பந்தல் விழவில்லை. 1935இல் வத்தலக்குண்டுக்காரரான பி.எஸ். ராமையா அதைச் சிறுகதைக்கான இதழாக மாற்றிக் கையில் எடுத்தார். புதுமைப்பித்தன், கு.ப. ராஜகோபாலன், பிச்சமூர்த்தி, சிட்டி, சி.சு. செல்லப்பா என்று ஒரு தலைமுறையே அங்கே வந்து சேர்ந்தது. மணி என்ற கும்பகோணத்து இளைஞர் ஒருவருக்கு ‘மௌனி’ என்று பேர் வைத்துக் கதையை வெளியிட்டவரும் ராமையாதான். இன்று மணிக்கொடி என்றால் யாருக்கும் அரசியல் வார ஏடு நினைவுக்கு வருவதில்லை. சிறுகதை நினைவுக்கு வருகிறது. ராமையா தன் முதுமையில் எழுதிய ‘மணிக்கொடி காலம்’ நூலுக்கு 1982ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இதழின் வரலாறே பரிசு வாங்குகிற அளவுக்கு அது வளர்ந்தது, முதல் இதழின் அறிவிப்பில் இல்லாத ஒரு பாதையில் போனதால்.

உங்கள் குழுவிலும் ஒருவருக்கு இந்நேரம் பெங்களூரிலோ துபாயிலோ வேலை கிடைத்திருக்கும். ஒருவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும். ‘இனி முன்னமாதிரி வர முடியாதுங்க’ என்று தயங்கித் தயங்கிச் சொல்லியிருப்பார். அவரைத் துரோகி ஆக்காமல் வழியனுப்பி வையுங்கள். மணிக்கொடியை விட்டுப் போனவர்களும் பத்திரிகைத் தொழிலுக்குள்ளேயேதான் போனார்கள். அங்கேயும் தமிழுக்கு வேலை செய்தார்கள்.

அடுத்து எழுத்து. 1959 ஜனவரியில் சென்னை திருவல்லிக்கேணியிலிருந்து செல்லப்பா தொடங்கிய மாத இதழ். அப்போது அவருக்கு வயது 46. கதையாசிரியராகப் பேர் எடுத்தவர், கையில் பெரிய முதல் கிடையாது. அவருடைய முதன்மையான நோக்கம் இலக்கிய விமர்சனம். தமிழில் படைப்பு பெருகியிருக்கிறது, அதை அலசிப் பார்க்கும் பழக்கம் வளரவில்லை என்ற ஆதங்கம் அவருக்கு. அதற்காகத்தான் இதழ்.

முதல் இதழில் பிச்சமூர்த்தியின் ‘பெட்டிக்கடை நாரணன்’ கவிதை மறுபிரசுரமாக வந்தது. புதிதாக எழுதி வாங்கியதுகூட இல்லை, பழையதை எடுத்துப் போட்டது. மூன்றாம் இதழில், மார்ச் மாதம், ‘உன் கை நகம்’ என்று ஒரு கவிதை. எழுதியவர் பேர் பசுவய்யா. கதைகள் எழுதிக்கொண்டிருந்த நாகர்கோவில் சுந்தர ராமசாமிதான் அந்தப் பசுவய்யா. இப்படி ஒன்று, அப்படி ஒன்று என்று வந்தது, பிறகு நிற்கவே இல்லை. அடுத்த ஆண்டு திருகோணமலையிலிருந்து இருபது வயதை ஒட்டிய ஓர் இளைஞர், தருமு சிவராமு, எழுத ஆரம்பித்தார். பிரமிள் என்று பின்னாளில் அறியப்பட்டவர் அவர். வைதீஸ்வரன், சி. மணி, தி.சோ. வேணுகோபாலன், நகுலன் என்று வரிசை நீண்டது. 1962 அக்டோபரில் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு வந்தபோது அதில் 24 கவிஞர்கள், 63 கவிதைகள் இருந்தன. விமர்சனத்துக்காகத் திறந்த கடையில் கவிதை வியாபாரம் சூடு பிடித்தது.

செல்லப்பா என்ன செய்தார் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும் பாடம். ‘இது விமர்சன ஏடு, கவிதையை வேறெங்காவது அனுப்புங்கள்’ என்று அவர் திருப்பவில்லை. வருவதைக் கவனித்தார். வருகிறவற்றில் புதிதாக ஏதோ இருக்கிறது என்று புரிந்ததும், தன் விமர்சன ஆசையையே அந்தப் புதிய கவிதையை விளக்கவும் வாதாடவும் திருப்பிவிட்டார். வெங்கட் சாமிநாதன் போன்றவர்கள் கறாராக எழுதிய கட்டுரைகளுக்கும் அதே பக்கங்களில் இடம் இருந்தது. 1970இல் எழுத்து நின்றபோது 119 இதழ்கள் வந்திருந்தன.

ஆகவே, அடுத்த வாரக் கூட்டத்தில் முதல் இதழின் அறிவிப்போடு இன்னொன்றையும் மேசையில் வையுங்கள்: பன்னிரண்டு மாதத்தில் உங்களுக்கு வந்த தாள்கள் அத்தனையும். வெளியிட்டது, வெளியிடாதது, ‘பார்க்கலாம்’ என்று ஓரங்கட்டியது, மின்னஞ்சலில் திறக்காமலே கிடப்பது. எது கேட்காமல் வந்தது, எது கெஞ்சிக் கூத்தாடியும் வரவில்லை என்று இரண்டு பட்டியல் போடுங்கள். அரசியல் கட்டுரைக்காக ஆரம்பித்த இதழுக்கு ஊர்ப்பெயர் வரலாறு, பாட்டியின் வைத்தியம், பேருந்து நடத்துநர் ஒருவரின் நாட்குறிப்பு என்று வந்து குவிந்திருந்தால், அந்தக் குவியலுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. இரண்டாம் ஆண்டு எதைப் பற்றி என்று உங்களைவிட முன்னதாக உங்கள் வாசகர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

இனி, கையை அழுக்காக்கும் வேலை.

இரண்டாம் பக்கத்தில் ஆசிரியர் குழு என்று ஆறு பேர் இருப்பார்கள். தபாலாபீசில் வரிசையில் நிற்கிறவர் பேர் அதில் இருக்காது. சந்தா நோட்டை வைத்திருப்பவர், பின்கோடு தவறித் திரும்பி வந்த பிரதிகளை எடுத்து முகவரி தேடுகிறவர், அச்சகத்தில் போய் உட்கார்ந்து மை சரியாக இறங்குகிறதா என்று பார்க்கிறவர், இவர்கள் யாரும் அதில் இல்லை. முதல் ஆண்டில் பெரும்பாலான இதழ்களை நிறுத்துவது கொள்கை வேறுபாடு என்று வெளியே சொல்லப்படும். உள்ளே போய்ப் பார்த்தால், பத்து மாதமாக ஒரே ஆள் ஸ்கூட்டரில் கட்டு சுமந்திருப்பார்.

இந்த விஷயத்தில் யாழ்ப்பாணத்து டொமினிக் ஜீவாவை நினைக்காமல் இருக்க முடியாது. 1966 ஆகஸ்டில் அவர் மல்லிகை மாத இதழைத் தொடங்கினார். ஆறு ஆண்டுகளுக்கு முன்பே ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுப்புக்கு இலங்கையின் சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற சிறுகதையாசிரியர் அவர். தொழில் முடி திருத்துவது. சலூனிலிருந்தே இதழ் வேலையும் நடந்தது. ஒரு பக்கம் கத்திரி, ஒரு பக்கம் மெய்ப்புத் தாள். சாதியின் பேரால் தன்னைத் தள்ளி வைத்த நகரத்தின் தெருக்களில், தோளில் பையை மாட்டிக்கொண்டு, தான் ஆசிரியராக இருக்கும் இதழைத் தானே கூவி விற்றார். எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் அட்டையில் படமாகப் போட்டு, உள்ளே அவர்களைப் பற்றி ஒரு கட்டுரையும் போடுவது மல்லிகையின் வழக்கமாயிற்று. போருக்கு நடுவிலும், பிறகு கொழும்புக்கு இடம் மாறியும் நடந்து, 2012 வரைக்கும் 400க்கு மேற்பட்ட இதழ்கள் வந்தன.

மல்லிகைக்கு ஒரு பெரிய குழு பின்னால் இல்லை என்பது உண்மை. உங்களிடம் ஆறு பேர் இருக்கிறீர்கள். ஒருவர் செய்ததை ஆறாகப் பிரித்தால் எவ்வளவு இலேசாக இருக்க வேண்டும்! ஆனால் பிரிக்கும்போதுதான் நமக்குச் சிக்கல். ஆகவே கணக்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, பன்னிரண்டு இதழ்களுக்கும் எந்த வேலையை யார் செய்தார்கள் என்று மாதவாரியாக எழுதிப் பாருங்கள். ஒரே பேர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் போதும். அடுத்த ஆண்டு ஸ்கூட்டர் கை மாறும்.

மெய்ப்புப் பார்ப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஈய எழுத்துக் காலத்தில் கம்பாஸிட்டர் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கிக் கோத்தார். தலைகீழாகவும் இடவலமாகவும் இருக்கும் எழுத்தை அவர் கண்ணாடியில் பார்ப்பதுபோலப் படிப்பார். ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் அறை மாறிப்போகும், தேய்ந்துபோன ‘க்’ தலையில் புள்ளி விழாது. அந்தப் பிழைகளுக்கு ஒரு நியாயம் இருந்தது, கை களைத்திருக்கும். இப்போது வரும் பிழைகள் வேறு இனம். பழைய பாமினி எழுத்துருவில் வந்த கட்டுரையை யுனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி உட்காரும். செல்போனில் பேசியே தட்டச்சு செய்து அனுப்புகிறவரின் கவிதையில் ‘மழை’ ‘மலை’யாகி, கவிதைக்குப் புதுப்பொருள் கிடைத்துவிடும். ஆசிரியர் குழு அதைப் பாராட்டிக் குறிப்பும் எழுதிவிடும்!

இதற்கு ஒரே மருந்து பழைய மருந்துதான். ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, இன்னொருவர் அச்சான தாளில் விரல் வைத்து வர வேண்டும். திரையில் பார்த்து முடித்ததைத் தாளில் அச்செடுத்து மறுபடி படிக்க வேண்டும். எழுதியவரின் பெயரை மட்டும் கடைசியாக, தனியாக, எழுத்தெழுத்தாக ஒருவர் பார்க்க வேண்டும். ஏழாம் பக்கத்துக் கவிஞர் பிழை முழுவதையும் மன்னிப்பார், பெயரைத் தவிர.

பணத்துக்கு வருவோம். சிற்றிதழில் பணம் போட்டவர்களின் கதைகள் நம்மிடம் நிறைய. கும்பகோணத்தில் எம்.வி. வெங்கட்ராம் 1948இல் ‘தேனீ’ என்று ஓர் இலக்கிய மாத இதழைத் தொடங்கினார். பட்டுச் சரிகை வியாபாரத்தில் வந்த பணம் அதில் போனது, போனது திரும்பவில்லை. நல்ல எழுத்தாளர்கள் எல்லோரும் எழுதினார்கள், இதழ் நீடிக்கவில்லை. எழுத்து கடைகளை நம்பாமல் சந்தாதாரர்களையே நம்பி நடந்தது. அதுவும் போதாமல், எழுத்து பிரசுரத்தின் புத்தகங்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு செல்லப்பா கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். கோவையில் 1971 அக்டோபரில் தொடங்கிய வானம்பாடி இதற்கெல்லாம் நேரெதிராக ஒன்று செய்தது. விலையே வைக்கவில்லை. ‘விலையிலாக் கவிமடல்’ என்று அச்சிட்டு, கவிஞர்களும் ஆதரவாளர்களும் கொடுத்த பணத்தில் கையில் கொடுத்தார்கள்.

மூன்று வழியிலும் மேடு பள்ளம் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தேனீயில் பணம் ஒருவருடையது. வானம்பாடியில் பலருடையது. ஒருவர் சட்டைப் பையிலிருந்து வரும் பணத்துக்கு அவர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் ஒரு குரல் உண்டு. எந்தக் கதை போகலாம் என்கிற பேச்சில் அந்தக் குரலும் மெல்லக் கலந்துகொள்ளும். முதல் ஆண்டில் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று அச்சகப் பாக்கியை ஒருவரே கட்டியிருந்தால், இரண்டாம் ஆண்டு தொடங்குமுன் அந்தத் தொகையை எழுதிவைத்து, மாதம் இவ்வளவு என்று பங்கு போட்டுத் திருப்பித் தருவது கௌரவம்.

கூடவே சட்டத்தையும் ஒரு கண் பார்க்க வேண்டும். ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்ற வரியைக் கீழே போட்டுவிட்டுப் பல ஆண்டு ஓட்டிய இதழ்கள் தமிழில் ஏராளம். 1867இல் வந்த பழைய அச்சகச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. அதன் இடத்தில் 2023ஆம் ஆண்டின் பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. கடையில் விற்கவும் தபாலில் சலுகைக் கட்டணத்தில் அனுப்பவும் எண்ணம் இருந்தால், பதிவு செய்வதைப் பற்றி இந்தக் கூட்டத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.

சண்டை பற்றிப் பேசாமல் கூட்டு இதழ் பற்றிய மடல் முழுமையாகாது. கூட்டாக நடத்தும் இதழில் ஓராண்டாகச் சண்டையே வரவில்லை என்றால், பேருக்குத்தான் ஆறு பேர், நடத்துவது ஒருவர் என்று பொருள்.

1970 அக்டோபரில் சென்னையில் கசடதபற பிறந்தது. பேரிலேயே முறைப்பு. ஆறு வல்லின எழுத்துகளைச் சேர்த்துப் பேர் வைத்து, ‘வல்லின மாத ஏடு’ என்று அடியில் போட்டுக்கொண்டார்கள். ஆசிரியர் நா. கிருஷ்ணமூர்த்தி, ஞானக்கூத்தன், சா. கந்தசாமி, ந. முத்துசாமி, ஐராவதம் என்று உடன் நின்றவர்கள் எல்லோரும் இளைஞர்கள், தனித்தனிக் கருத்துக்காரர்கள். இதழுக்கு முன்பே இவர்களில் சிலருக்குக் கூட்டு வேலை பழக்கம். சா. கந்தசாமி, ம. ராஜாராம், நா. கிருஷ்ணமூர்த்தி, ராமகிருஷ்ணன் நால்வரும் சேர்ந்து 1968இல் ‘கோணல்கள்’ என்று தங்கள் கதைகளைத் தாங்களே புத்தகமாகப் போட்டிருந்தார்கள். கிட்டத்தட்ட அதே சமயத்தில், சேலத்திலிருந்து சி. மணியின் முயற்சியில் வந்த ‘நடை’ காலாண்டிதழிலும் இந்த வட்டத்துக்காரர்கள் எழுதினார்கள். நடை எட்டே இதழ்கள்தான். முத்துசாமியின் ‘காலம் காலமாக’ நாடகம் வந்தது அதில். அந்த முத்துசாமிதான் பின்னாளில் கூத்துப்பட்டறையை நிறுவியவர்.

கசடதபறவும் நீண்ட ஆயுள் காணவில்லை. 1970களின் நடுவிலேயே முடிந்துபோனது. அதற்குள் அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ அங்கே வெளியாகிவிட்டது. பூப்படைந்த ஒரு சிறுமி, தான் தெய்வமாக நினைக்கும் அம்மா ஊரிலிருந்து திரும்பி வருவதற்காகக் காத்திருக்கிறாள். வந்ததும் அம்மா சொல்லும் சொல்லில் அந்தக் கதை முடிகிறது. அரை நூற்றாண்டாகத் தமிழில் பேசப்படும் கதை. அந்த ஒரு கதைக்காக எத்தனை ஆசிரியர் குழுச் சண்டையையும் தாங்கலாம்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி, கூட்டத்தில் யாரும் கேட்க விரும்பாதது. பன்னிரண்டு இதழின் உள்ளடக்கப் பக்கங்களை வரிசையாக விரித்து, பெண்கள் எழுதியது எத்தனை என்று எண்ணுங்கள். மணிக்கொடி, எழுத்து, கசடதபற மூன்றுக்கும் சேர்த்து மேலே வந்த பேர்களில் பெண் யார் என்று பார்த்தீர்களா? ஒருவர்தான். அந்த நாட்களின் குறை அது. உங்கள் இதழிலும் அதே விகிதம் இருந்தால் அதற்கு அந்த நாட்களைக் குற்றம் சொல்ல முடியாது. ‘யாரும் அனுப்புவதில்லை’ என்பது பாதி உண்மை. எந்த நேரத்தில், யார் வீட்டில், எப்படிக் கூட்டம் போடுகிறீர்கள் என்பது மீதி. இரவு ஒன்பது மணிக்குத் தேநீர்க் கடை வாசலில் கூடும் ஆசிரியர் குழுவில் யார் வர முடியும், யார் வர முடியாது என்பது கொள்கை விளக்கம் வேண்டாத விஷயம்.

வானம்பாடிக் குழுவும் பிரிந்தது. கட்சிக்கும் கவிதைக்கும் நடுவில், மேடைக்கும் ஏட்டுக்கும் நடுவில் கருத்துகள் மோதின. அவரவர் வழியில் போனார்கள். ஆனால் பின்னாளில் சாகித்திய அகாதெமி விருதுப் பட்டியலைப் பார்த்தால் 2002இல் சிற்பி, 2004இல் ஈரோடு தமிழன்பன், 2006இல் மு. மேத்தா, 2009இல் புவியரசு என்று அந்தக் கூட்டின் பறவைகள் ஒவ்வொன்றாக வந்து அமர்கின்றன. ஞானி விமர்சகராக, கோவையின் மிக முக்கியமான குரலாக இறுதிவரை இயங்கினார். குழு உடைந்தது, குழுவில் பழகிய கை உடையவில்லை.

ஆகவே உங்கள் குழுவில் ஒன்பதாம் இதழின் தலையங்கத்தை வைத்து நடந்த அந்தப் பெரிய சண்டையை மறைக்காதீர்கள். இரண்டு தரப்பும் தங்கள் பக்கத்தை இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதட்டும். ஒரே இதழில் எதிரெதிர்ப் பக்கமாகப் போடுங்கள். வாசகர்கள் அதைத்தான் முதலில் படிப்பார்கள்.

கடைசியாக, பழைய பிரதிகள்.

முதல் ஆண்டில் எந்தக் குழுவும் நினைக்காத விஷயம் இது. கையிருப்பில் இருக்கும் கட்டைப் பார்த்தால், ‘எப்போது தீருமோ’ என்றுதான் தோன்றும். மூன்றாம் ஆண்டில் முதல் இதழ் ஒரு பிரதிகூட இல்லாமல், நண்பர் ஒருவர் வீட்டுப் பரணில் தேடிக்கொண்டிருப்பீர்கள். எலியும் கரையானும் இலக்கியம் பார்ப்பதில்லை. மணிக்கொடியையும் எழுத்தையும் நாம் இன்று தொட்டுப் பார்க்க முடிகிறதென்றால், செட்டிநாட்டுக் கோட்டையூரில் தாளைத் தாளாகச் சேர்த்த ரோஜா முத்தையா போன்றவர்கள் காரணம். அவருடைய சேகரிப்பே இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. சிற்றிதழ்களைத் தேடித் தேடிச் சேர்த்துப் பாதுகாத்த பொள்ளாச்சி நசனும் அந்த வரிசையில் வருகிறவர். ஈழத்து இதழ்களுக்கு அந்த வேலையை ‘நூலகம்’ நிறுவனம் செய்துவருகிறது. மல்லிகையின் பழைய இதழ்கள் அங்கே இருக்கின்றன.

பன்னிரண்டு இதழ்களையும் சேர்த்துக் கட்டி, நான்கு தொகுதிகள் தனியே எடுத்து வையுங்கள். ஒன்று கன்னிமாரா நூலகத்துக்கு, ஒன்று ரோஜா முத்தையாவுக்கு, ஒன்று உங்கள் ஊர் கிளை நூலகத்துக்கு. நான்காவது, ஏழாம் பக்கத்துக் கவிஞருக்கு. பெயரைப் பேனாவால் திருத்தி, திருத்தியவர் கையெழுத்தும் போட்டு அனுப்புங்கள். அந்தத் தொகுதியை அவர் யாருக்கும் இரவல் தர மாட்டார்.

பதின்மூன்றாம் இதழுக்கான வேலை இந்நேரம் தொடங்கியிருக்கும். புதிதாக எதுவும் வடிவமைக்க நேரமிருக்காது. பன்னிரண்டாம் இதழின் கோப்பையே திறந்து, பழைய பக்கங்களை அழித்து, அதன் மேல் புதியதை ஒட்டுவீர்கள். அட்டையில் மாதத்தை மாற்றுவீர்கள், இதழ் எண்ணை மாற்றுவீர்கள். வலது மூலையில் சின்ன எழுத்தில் ‘மலர் 1’ என்று இருக்கும். அதை ‘மலர் 2’ என்று மாற்றுவது யார் வேலை என்று இப்போதே ஒரு பேரை நோட்டில் எழுதிவையுங்கள்.

அன்புடன்,
சந்தா கட்ட இரண்டு மாதம் தாமதித்த உங்கள் வாசகர் ஒருவர்